ஐந்தாவது பெல்ட்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று ஆசிரியர் குழுவில் இருக்கும் நம்ம வகுப்புக்காரன் மூன்று வாரமாக நச்சரித்துவிட்டான். கவிதை எனக்கு வராது. வருவதெல்லாம் ஸ்பேனர் பிடிப்பது மட்டும்தான். ஆகவே ஒரு பந்தயக்காரரின் கதையை எழுதுகிறேன். அவர் இறந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. உலக சாம்பியன் பட்டம் பெற்றவர், ஆனால் அது கையில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. பெயர் யோகென் ரிண்ட்.

அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது ஒரு சீட். இன்பிளான்ட் டிரெயினிங்குக்குப் போன பட்டறையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றது. இரண்டு பேர் உட்காரும் திறந்த வண்டி. பழைய கார்களுக்கான பந்தயத்தில் ஓட்ட வேண்டும், எடையைக் குறைத்துக் கொடுங்கள் என்று சொந்தக்காரர் விட்டுவிட்டுப் போயிருந்தார். அதன் பழைய சீட்டைக் கழற்றித் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. உள்ளே ஸ்பிரிங், இரும்புச் சட்டம், மேலே தோல். புதிதாக வந்த ஃபைபர் பக்கெட் சீட்டை நான் ஒரே கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். பெல்ட் மாட்டும் வேலை எனக்கு.

ஒழுங்காகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். பெல்ட் போல்ட் 7/16 அங்குலம், ஃபைன் திரெட். வண்டியின் தரைத் தகடு மெலிசு. வெறும் வாஷர் போட்டு முறுக்கினால், மோதும் வேகத்தில் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதனால் அடியில் 3 மி.மீ. தடிமனில், குறைந்தது 40 சதுர செ.மீ. பரப்புள்ள இரும்புத் தகடு கொடுக்க வேண்டும். கொடுத்தேன். தோள் பெல்ட் முதுகுக்குப் பின்னால் ஏறக்குறைய மட்டமாகப் போக வேண்டும், செங்குத்தாக இறங்கினால் மோதும்போது முதுகெலும்பை அமுக்கும். அதையும் பார்த்தேன். இடுப்புக்கு இரண்டு, தோளுக்கு இரண்டு. பாக்கெட்டில் இன்னும் ஒரு பெல்ட் மிச்சம் இருந்தது, இரண்டு தொடைக்கும் நடுவே வருவது. வாங்கி வந்த சீட்டில் அதற்குத் துளையே இல்லை. சுருட்டி டூல் பாக்ஸில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் மெக்கானிக் அண்ணன் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கிப் பார்த்தார். ஐந்தாவது எங்கே தம்பி என்றார். நாலே போதும்ணே, சீட்டில் ஓட்டையும் இல்லை என்றேன். அவர் திட்டவில்லை. ரிண்ட் எப்படிச் செத்தார்னு படிச்சிட்டு நாளைக்கு வா என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவே இல்லை.

ரிண்ட் 1942 ஏப்ரல் 18-ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பிறந்தவர். அப்பா ஜெர்மானியர், அம்மா ஆஸ்திரியாக்காரர். மறு வருஷமே ஹாம்பர்க் நகரில் குண்டு விழுந்து இருவருமே போய்விட்டார்கள். குழந்தைக்கு ஒன்றேகால் வயது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தாத்தா பாட்டி வளர்த்தார்கள். மைன்ஸில் குடும்பத்துக்கு ஒரு மசாலா மில் இருந்தது, அது பையனுக்குச் சொத்தாக வந்தது. மிளகுக் காசு பெட்ரோலாகக் கரைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்! முதலில் ஒரு சிம்கா கார், பிறகு ஆல்ஃபா ரோமியோ. 1964-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த ஃபார்முலா 2 பந்தயத்தில், பெயர் பெற்ற கிரஹாம் ஹில்லையே பின்னுக்குத் தள்ளி ஜெயித்தார். அதுவரை ஆஸ்திரியாவுக்கு வெளியே அவரை யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. 1965-ல் அமெரிக்கர் மாஸ்டன் கிரெகரியோடு சேர்ந்து ஃபெராரி 250 எல்எம் காரில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார்.

அந்த லெ மானில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கொடி அசைந்ததும் ஓட்டிகள் ரோட்டைக் கடந்து ஓடி, காரில் குதித்து ஏறிக் கிளம்ப வேண்டும். அவசரத்தில் பெல்ட் மாட்ட யாருக்கு நேரம்? 1969-ல் ஜாக்கி இக்ஸ் என்ற பெல்ஜியம்காரர் மட்டும் ஓடாமல் நடந்தார். நிதானமாக பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கடைசி ஆளாகக் கிளம்பினார். அதே முதல் சுற்றில் ஜான் வுல்ஃப் என்பவர் போர்ஷே காரிலிருந்து தூக்கி எறியப்பட்டு இறந்தார். கடைசியாகக் கிளம்பிய இக்ஸ், கூட்டாளியோடு பந்தயத்தையே ஜெயித்தார். அடுத்த வருஷம் அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். இந்த இக்ஸ் கதையில் மறுபடி வருவார், மறந்துவிடாதீர்கள்.

ரிண்டுக்கு ஃபார்முலா 1 லேசில் வசப்படவில்லை. கூப்பர், பிராபம் அணிகளில் வருஷங்கள் ஓடின. 1969-ல் லோட்டஸுக்குப் போனார். அதன் முதலாளி காலின் சாப்மன், கிராம் கிராமாக எடையைச் செதுக்கும் மனிதர். கார் பறக்கும், ஆனால் உடையும். அந்த வருஷம் மே மாதம் பார்சிலோனாவில் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது பின்பக்க இறக்கை முறிந்து, ஏற்கெனவே அதே காரணத்தால் நொறுங்கிக் கிடந்த ஹில்லின் கார் மேலேயே மோதினார். தாடை உடைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், இந்த இறக்கைகளைத் தடை செய்யுங்கள் என்று பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். பாதுகாப்பைப் பற்றி அக்கறை இல்லாத ஆள் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. எனக்கு உறுத்துவதே அதுதான்.

அக்டோபரில் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளெனில் முதல் வெற்றி. அன்றைக்கே, அதே அணியின் ஹில், கார் நின்றுபோனதால் இறங்கித் தள்ளி ஸ்டார்ட் செய்தார். திரும்ப ஏறியவரால் தன் பெல்ட்டைத் தானே கட்டிக்கொள்ள முடியவில்லை. அப்படியே ஓட்டினார். டயர் போய், கார் உருண்டு, வெளியே எறியப்பட்டு இரண்டு காலும் முறிந்தன.

இவ்வளவையும் பக்கத்திலிருந்து பார்த்த ரிண்ட், தொடைக்கு நடுவே வரும் பெல்ட்டை மட்டும் மாட்ட மாட்டார். காரணம் நெருப்பு. அந்தக் காலத்துக் கார் என்பது பெட்ரோல் டாங்குக்கு நடுவில் ஓர் ஆளைப் படுக்க வைத்தது போல. பாண்டினி 1967-ல் மொனாக்கோவில் எரிந்தார், ஷ்லெஸ்ஸர் 1968-ல் ரூவானில். 1970 ஜூனில் ஹாலந்தில், ரிண்டின் நெருங்கிய நண்பர் பியர்ஸ் கரேஜ் எரிந்த காரிலேயே இறந்தார். அந்தப் பந்தயத்தில் ஜெயித்தவர் ரிண்ட். எரியும் காரிலிருந்து நொடியில் வெளியே வர வேண்டும், ஒரு பட்டை குறைந்தால் நல்லது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் மெக்கானிக்ஸ் பாடம் வேறு கணக்கு போடுகிறது. நேருக்கு நேர் மோதும்போது உடம்பு முன்னால் பாய்கிறது. தோள் பெல்ட்டுகள் இறுகி, நடுவில் உள்ள பக்கிளை மேலே இழுக்கின்றன. பக்கிளோடு இடுப்புப் பட்டையும் இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறுகிறது. ரேஸ் காரில் ஓட்டி முக்கால்வாசி படுத்த நிலையில் இருப்பதால், உடம்பு அதன் அடியில் வழுக்கிக் கீழே போகிறது. பக்கிளைக் கீழே பிடித்து நிறுத்துவதுதான் அந்த ஐந்தாவது பெல்ட்டின் வேலை.

1970 அவருடைய வருஷம். மொனாக்கோவில் கடைசிச் சுற்றின் கடைசித் திருப்பத்தில் பிராபம் சறுக்க, பழைய லோட்டஸ் 49-ல் வந்து ஜெயித்தார். பிறகு புது லோட்டஸ் 72-ல் ஹாலந்து, பிரான்ஸ், இங்கிலாந்து, ஜெர்மனி என்று வரிசையாக நாலு. இந்தக் காரில் முன் பிரேக், சக்கரத்துக்குள் இல்லை. சக்கரத்தோடு குதிக்கும் எடையைக் குறைக்க, பிரேக்கை உடலோடு வைத்து ஒரு ஷாஃப்ட் மூலம் சக்கரத்துக்கு இணைத்திருந்தார்கள்.

செப்டம்பர் 5, சனிக்கிழமை, இத்தாலியின் மோன்சா. நேர் ரோட்டில் வேகம் கிடைக்க இறக்கைகளைக் கழற்றிவிட்டுப் பயிற்சிக்குப் போனார். பரபோலிகா வளைவுக்கு பிரேக் பிடித்தபோது முன் வலது பிரேக் ஷாஃப்ட் உடைந்தது. கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்த் தடுப்பு வேலியில் மோதி, முன்பகுதி பிய்ந்தது. தீப்பிடிக்கவே இல்லை. ரிண்ட் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கினார், பக்கிள் தொண்டையை அறுத்தது. வயது 28. ஷாஃப்ட் உடைந்ததே விபத்தின் தொடக்கம், ஆனால் உயிரைப் பறித்தது சரியாகப் பொருத்தாத தடுப்பு வேலி என்று இத்தாலிய விசாரணை முடிவு சொன்னது. இருக்கலாம். பட்டறையில் நிற்கும் நமக்கு மூன்றாவது ஒன்றும் தெரிகிறது.

அப்போது அவர் கணக்கில் 45 புள்ளிகள். அதை எட்டக்கூடியவராக மிஞ்சியவர், நடந்து போய் பெல்ட் கட்டிய அதே இக்ஸ். கனடாவில் ஜெயித்தார், மெக்சிகோவிலும் ஜெயித்தார். இடையில் அக்டோபர் 4-ல் வாட்கின்ஸ் கிளெனில் நாலாவதாகத்தான் வர முடிந்தது. அங்கே ஜெயித்தது ரிண்டின் இடத்தில் லோட்டஸ் ஓட்டிய எமர்சன் ஃபிட்டிபால்டி என்ற புதுப் பையன். இக்ஸ் 40-ல் நின்றார். பட்டம் இறந்தவருக்குப் போனது. அப்படிப் பட்டம் வாங்கிய ஃபார்முலா 1 ஓட்டி இன்றுவரை அவர் ஒருவர்தான். கோப்பையை மனைவி நீனாவிடம் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை நான் பட்டறைக்குப் போனதும் அண்ணன் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேருமாகச் சீட்டைக் கழற்றினோம். ஃபைபரில் நாமே ஓட்டை போடலாமே என்றேன், அறுத்தால் பலம் போச்சு என்றார். கடைக்குத் திருப்பி அனுப்பி, துளையோடு அச்சில் வார்த்த சீட் வந்து சேரப் பதினைந்து நாள் ஆனது. சொந்தக்காரருக்கு ஏகக் கடுப்பு. டூல் பாக்ஸிலிருந்த பெல்ட்டை எடுத்து, தரையில் துளை போட்டு, அடியில் தகடு வைத்து நானே முறுக்கினேன். அண்ணன் ஏறி உட்கார்ந்தார், ஐந்தையும் மாட்டினார், பக்கிளை இரண்டு கையாலும் மேலே இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.