விலை பேசப்படாத ஒளிப்படங்கள்

பணி ஓய்வுக்குப் பிறகு, பாகூரில் எங்கள் வீட்டைச் சுற்றி நாளுக்கு ஓர் ஒளிப்படம் எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். திண்ணையில் பேரன் வீட்டுப்பாடம் எழுதுவது, மனைவி முறத்தில் அரிசி புடைப்பது, ஏரிக்கரையில் மாடுகள் திரும்புவது என எல்லாம் அன்றாடக் காட்சிகள்தாம். இத்தகைய வேலையை ஆயுள் முழுவதும் செய்த ஒருவர் உண்டு: ஓவியர் அம்ரிதா ஷேர்கிலின் தந்தை உம்ராவ் சிங்.

1870இல் பஞ்சாபின் செல்வாக்குமிக்க மஜீதியா குடும்பத்தில் பிறந்தவர் அவர். சம்ஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். கவிஞர் இக்பாலின் நண்பர். தம்பி சுந்தர் சிங் அரசியலிலும் சர்க்கரை ஆலைத் தொழிலிலும் பெயர் பெற, அண்ணன் புத்தகங்களோடும் கேமராவோடும் வீட்டிலேயே இருந்தார். இளமையில் தொற்றிக்கொண்ட அந்தப் பழக்கம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

1912இல் ஹங்கேரியப் பாடகி மரி அந்துவானெத்தை மணந்தார். மறு ஆண்டு புடாபெஸ்டில் அம்ரிதா பிறந்தார், அடுத்து இந்திரா. முதல் உலகப் போர் அவர்களை ஹங்கேரியிலேயே நிறுத்திவைத்தது. 1921இல் சிம்லாவுக்கும், 1929இல் பாரிஸுக்கும் குடும்பம் இடம்பெயர்ந்தது. எங்கு போனாலும் கேமராவும் உடன் போனது. பியானோவின் முன் மனைவி, வேடம் புனைந்த மகள்கள், புத்தகங்களுக்கு நடுவே தாம், கோவணத்துடன் யோகப் பயிற்சியில் தாம்! இவற்றில் பல, ஒளியையும் இருக்கையையும் பார்த்துப் பார்த்து அமைத்து எடுத்தவை. ஆனாலும் வீட்டின் மனநிலையை அவை மறைப்பதில்லை. மனைவியின் முகத்தில் படிந்திருக்கும் சோர்வை நான் பலமுறை உற்றுநோக்கியிருக்கிறேன்.

அவர் படங்களை விற்றுப் பிழைத்தவரல்லர். வகுப்பறையில் நாட்டு வருமானக் கணக்கு கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வீட்டுச் சமையலைப் போலவே இந்த உழைப்புக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. 1941 டிசம்பரில், 28 வயதில், லாகூரில் அம்ரிதா இறந்தார். 1948இல் மரி அந்துவானெத் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1954இல் உம்ராவ் சிங் மறைந்தார். படங்கள் இந்திராவின் குடும்பத்தில் தங்கின. அவருடைய மகன், கலைஞர் விவான் சுந்தரம், அவற்றை 2001இல் கணினியில் ஒன்றோடொன்று இணைத்துப் புதிய படைப்புகளாக்கினார்.

கேமராவும் கண்ணாடித் தகடுகளும் வாங்க அன்று செல்வம் வேண்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். என் அம்மா பாகூர் வயல்களில் நாற்று நட்டவர். எங்களிடம் இருக்கும் அவருடைய ஒரே படம் வாக்காளர் அடையாள அட்டையில் உள்ளது. அதில் எதற்கோ அஞ்சியவர்போல் தெரிகிறார். நடவு முடிந்து வரப்பில் அமர்ந்து வெற்றிலை போடும்போது அவர் சிரிப்பது எனக்குத் தெரியும். பேரனுக்கு அதைக் காட்ட என்னிடம் எதுவுமில்லை.