பத்து வெள்ளிக் கணக்கு

துன் சம்பந்தன் மோனோரயில் நிலையத்தில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் நடக்காத மாணவர் நம்மில் குறைவு. முன்பு பிரிக்பீல்ட்ஸ் சாலை என்றிருந்த தெருவுக்கு இன்று அவர் பெயர்தான். அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் அவரை அறிவோம். அவர் போட்ட ஒரு கணக்கைத்தான் பலரும் அறிவதில்லை.

வீ.தி. சம்பந்தன் 1919 ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீராசாமி ரப்பர் தோட்டக்காரர். கோலகங்சார் கிளிபர்ட் பள்ளியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்த அவர், 1955இல் ம.இ.கா. தலைவரானார். அதே ஆண்டு தொழிலாளர் அமைச்சர். பின்னர் சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு. பதவிப் பட்டியல் இத்துடன் போதும். தோட்டத் துண்டாடலுக்கு வருவோம்.

ஐம்பதுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுக் கிளம்பினர். ஆயிரம் ஏக்கரை ஒரே கையில் வாங்கப் பணமுள்ளவர் சிலரே. ஐந்து, பத்து ஏக்கர் வாங்கக்கூடியவரோ பலர். எனவே மொத்தமாக வாங்கித் துண்டு போட்டு விற்றால் ஏக்கருக்குக் கூடுதல் விலை கிடைத்தது. விற்றவருக்கு லாபம், தரகருக்கு லாபம், சிறு நிலம் வாங்கியவருக்கும் மகிழ்ச்சி. அந்த விலைக்குள் வராத செலவும் ஒன்று உண்டு. பால்வெட்டுக்காரர் வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தார். பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளியும் கேள்விக்குறியானது. மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைத் தனியே ஆராய்ந்து எழுதினார். பொருளியல் மாணவர்கள் நூலகத்தில் தேடிப் படிக்க வேண்டிய ஆய்வு அது.

சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகச் சென்று அவரே ஆள் சேர்த்தார். 1961இல் கெடாவில் ஏறக்குறைய 3,000 ஏக்கர் கொண்ட புக்கிட் சிடிம் தோட்டம் தொழிலாளர் பணத்தில் வாங்கப்பட்டது.

பத்து வெள்ளி அன்று சிறிய தொகையல்ல. அதைக் கொண்டு கூட்டுப் பிடிக்கலாம், குண்டுமணித் தங்கம் சேர்க்கலாம், ஊருக்கு அனுப்பலாம். அவசரத்துக்குத் தங்கத்தை அடகுக்கடையில் வைக்கலாம். சங்கப் பங்கை வைக்க முடியுமா? மேலும் கூலி, வீடு, சேமிப்பு மூன்றையும் ஒரே ரப்பரில் வைப்பது ஆபத்து. விலை சரிந்தால் மூன்றும் சேர்ந்து ஆடும். இன்றைய நிதி ஆலோசகர் எவரும் இதற்குத் தலையசைக்க மாட்டார். ஆனால் அந்தத் தொழிலாளி அதிகம் அஞ்சியது ரப்பர் விலைக்கா, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நாளுக்கா? அந்த நாளுக்கு எதிரான காப்புறுதியாகவே அவர் பங்கு வாங்கினார் என்று கொண்டால் கணக்கு சரிவரும்.

முழுதாகச் சரிவரும் என்றும் சொல்வதற்கில்லை. தம் தோட்டத்தையே சங்கம் வாங்கினால்தான் வீடு நிலைக்கும். மற்றவருக்கு ஈவுத்தொகை மட்டும்தான். நம் கிள்ளான் பள்ளத்தாக்கையே பாருங்கள். சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆனது, சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா பக்கம் வீடமைப்பானது. நகரம் கொடுத்த விலையோடு பத்து வெள்ளிச் சந்தா எப்படிப் போட்டியிடும்?

1973இல் கட்சித் தலைமை அவரிடமிருந்து, கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மாணிக்கவாசகத்துக்குச் சென்றது. பதவிகள் போன பிறகும் சங்கத்தை அவர் விடவில்லை. தந்தை வழி வந்த சொந்த நிலமோ அரசியலில் பெரிதும் கரைந்துபோயிற்று. ஊராரின் பத்து வெள்ளிக்கு அத்தனை கணக்குப் பார்த்தவர், தம் பணத்துக்கு ஏனோ பார்க்கவில்லை.

1979 மே 18ஆம் நாள், அறுபது வயது நிறைய ஒரு மாதமே இருக்கையில், அவர் காலமானார். கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் சுலைமானில் உள்ள சங்கத்தின் தலைமையகத்துக்கு விஸ்மா துன் சம்பந்தன் என்று பெயர்.