குருவிகள் எங்கே போயின?

செப்டம்பர் முடியப் போகிறது. இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்தில் இலைகள் பழுக்கின்றன. கூரைகளில் கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டிருந்த தகைவிலான் குருவிகளை ஒருநாள் திடீரென்று காணோம்! எங்கே போயின?

இந்தக் கேள்வியை ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தவர் கில்பர்ட் ஒயிட். 1720-ல் அதே கிராமத்தில் பிறந்தவர். பாதிரியார் வேலை போக, மற்ற நேரமெல்லாம் தோட்டமும் பறவைகளும்தான். பார்த்ததை அன்றன்றே எழுதி வைப்பார். ஒரே மாதிரி இருக்கும் மூன்று குட்டிக் குருவிகள் வெவ்வேறு இனம் என்பதை, அவற்றின் பாட்டைக் கேட்டே பிரித்தறிந்தார். எவ்வளவு கூர்மையான காது, பாருங்கள்!

குருவிகள் குளிர்காலத்தில் குளத்துக்கு அடியில் தூங்குவதாக அப்போது பலர் நம்பினார்கள். ஜிப்ரால்டரில் இருந்த ஒயிட்டின் தம்பி ஜானோ, அவை கூட்டமாகக் கடல் தாண்டுவதைக் கண்டார். ஆனாலும் ஒயிட்டுக்குச் சந்தேகம் தீரவில்லை. நவம்பரில்கூட ஓரிரு குருவிகள் தென்பட்டனவே! 1781-ல் ஆள் வைத்து மலைச்சரிவுப் புதர்களில் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

அவர் வீட்டில் டிமோதி என்ற ஆமை இருந்தது. அத்தை வளர்த்தது. குளிர் வந்தால் மண்ணுக்குள் புதைந்து, வசந்தத்தில்தான் எழும். அதைப் பார்த்தவருக்குக் குருவிகள்மீதும் சந்தேகம் வராதா என்ன!

1789-ல் அவர் கடிதங்கள் புத்தகமாயின. இன்றும் அச்சாகிறது. 1793-ல் விடை தெரியாமலே இறந்தார்.

1911-ல் இங்கிலாந்தில் ஒரு தகைவிலானின் காலில் வளையம் மாட்டினார்கள். 1912 டிசம்பரில் அது அகப்பட்டது, தென்னாப்பிரிக்காவில்!