அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்)



முஸ்லிம்கள் ஆட்சி செய்த ஸ்பெயின் நாடு உலகிற்கு ஈந்த அறிஞர்களுள் தலையாய ஒருவர் அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி அவர்கள். குர்துபா நகருக்கு அண்மையில் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் எழுப்பிய மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் அரச நகரில் கி.பி. 936-ஆம் ஆண்டளவில் பிறந்தமையால் ஸஹ்ராவி எனப் பெயர் பெற்றார். ஐரோப்பியர் அவரை அல்புகாஸிஸ் என அழைத்தனர்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் மருத்துவப் பணியாற்றிப் பெற்ற அனுபவத்தை ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் நூலில், 30 பாகங்களாக, கி.பி. 1000-ஆம் ஆண்டளவில் நிறைவு செய்தார். அறுவை மருத்துவம் பற்றிய இறுதிப் பாகத்தில் ஏறத்தாழ 200 கருவிகளைப் படம் வரைந்து விளக்கினார். வெட்டுண்ட நாளத்திலிருந்து பீறிடும் குருதியை நிறுத்தும் வழிகளையும் வகுத்துரைத்தார். சூடிடுதல், பாதி அறுந்த நாளத்தை முற்றிலும் துண்டித்தல், நூலால் இறுகக் கட்டுதல், குருதியடக்கும் மருந்தை வைத்துக் கட்டுதல் என்பன அவை.

எனினும், இவ்வழிகளுக்கு எளிதில் அடங்காத ஒரு நோயையும் அவர் பதிவு செய்தார். ஒரு கிராமத்தில் ஆண்களுக்குக் காயம் ஏற்பட்டால் உயிர் பிரியும் வரை இரத்தம் நில்லாமல் ஒழுகியது. ஈறைக் கையால் தேய்த்த ஒரு சிறுவன் அதனாலேயே இறந்தான். சிகிச்சைக்காக இரத்தம் குத்தி எடுக்கப்பட்ட மற்றொருவரும் அவ்வாறே மாண்டார். இந்நோயை முன்னோர் நூல்களில் தாம் கண்டதில்லை என்றும் அவர் எழுதினார். இல்லாத காரணத்தைக் கற்பித்துக் கூறவில்லை. கண்டதையும் கேட்டறிந்ததையும் உள்ளபடி எழுதி, பின்வருவோரின் ஆய்வுக்கு விட்டுச் சென்றார். அறிவுக்கு அவர் செய்த பெரும் அமானிதம் இதுவே.

அவருடைய இறுதிக் காலத்தில் உள்நாட்டுக் கலகம் மூண்டு, அவர் பிறந்த அழகிய நகரம் சூறையாடப்பட்டது. கி.பி. 1013-ஆம் ஆண்டளவில் அவர் இவ்வுலகை நீத்தார். நகரம் அழிந்தது, நூலோ வாழ்ந்தது. 12-ஆம் நூற்றாண்டில் கிரிமோனா நகரத்து ஜெரார்டு அதன் அறுவைப் பாகத்தை லத்தீனில் பெயர்த்தார். பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருத்துவர் அதனைப் பயின்றனர்.

அவர் விவரித்த நோயே ஹீமோபிலியா என இன்றைய அறிஞர் கருதுகின்றனர். தாய் நோயுறாமலே மகனுக்கு அதனைக் கடத்தலாம் என்பதை 1803-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஒட்டோ விளக்கினார். காயம் பட்டவுடன் இரத்தத் தட்டணுக்கள் ஒன்றுகூடி வாயை அடைக்கின்றன. பின்னர்ப் பல புரதங்கள் சங்கிலிபோல் ஒன்றையொன்று தூண்டி, வலைபோன்ற இழைகளை உண்டாக்கி அவ்வடைப்பை உறுதியாக்குகின்றன. எட்டாவது அல்லது ஒன்பதாவது காரணி குறைந்தால் அச்சங்கிலி அறுபடுகிறது. எட்டாவது காரணிக்குரிய மரபணு 1984-இல் கண்டறியப்பட்டது. குறையும் காரணியை ஊசி மூலம் செலுத்தி இன்று உயிர் காக்கின்றனர்.

பெற்றோர்களே! தாய்வழி உறவில் ஆண்கள் எவருக்கேனும் இரத்தம் நில்லாத குறை இருந்திருப்பின், ஆண் குழந்தைக்குக் கத்னா செய்யுமுன் மருத்துவரிடம் அதனை மறவாது கூறுங்கள். குடும்பத்தில் முன்னர் இல்லாமலும் இந்நோய் சிலருக்கு வருவதுண்டு. ஆகவே சிறு காயத்திலும் குருதி நீண்ட நேரம் ஒழுகினால், மூட்டு காரணமின்றி வீங்கினால், தாமதியாது பரிசோதியுங்கள். நோயை மறைப்பதில் கண்ணியம் இல்லை; பிள்ளையின் உயிரைக் காப்பதிலேயே கண்ணியம் உண்டு.

பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் நம் சந்ததியினர்க்கு வழங்குவானாக! ஆமீன்.