கஞ்சியும் கைவைத்தியமும்: புனித யோசேவாஸ் அடிகளார் வாழ்விலிருந்து

எழுவைதீவு போன்ற நம் தீவுகளில், கடல் கொந்தளிக்கும் நாளில் நோயாளியை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுசெல்வது எளிதன்று. அத்தகைய வேளையில் வீட்டில் உடனே கிடைப்பன மல்லிக் குடிநீரும் கஞ்சியுமே. அந்தக் கஞ்சியின் அருமையைத் தம் உடலிலேயே உணர்ந்தவர் புனித யோசேவாஸ் அடிகளார்.

கோவாவில் 1651 ஏப்ரல் 21ஆம் நாள் பிறந்த அடிகளார், 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் இலங்கைக்கு வந்தார். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க குருக்களைத் தடைசெய்திருந்தமையே இதற்குக் காரணம். யாழ்ப்பாணத்தை அடைந்ததும் கொடிய வயிற்றுளைவு அவரைப் பற்றியது. தொற்றிவிடுமோ என்று அஞ்சியவர்கள் அவரை ஊருக்கு வெளியே விட்டனர். துணையாக வந்த யோவானும் நோயுற்றார். ஏழைப் பெண் ஒருத்தி கஞ்சி கொண்டுவந்து கொடுத்து வந்தாள், இருவரும் பிழைத்தனர்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. வயிற்றோட்டத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடலில் நீரும் உப்பும் வற்றிப்போவதே. உப்பிட்ட கஞ்சி இவ்விரண்டையும் ஓரளவு ஈடுசெய்கிறது.

சில்லாலையில் தங்கி மறைவாகப் பணியாற்றிய அடிகளார், 1692இல் கண்டியை அடைந்து, ஒற்றர் என்ற ஐயத்தில் சிறைப்பட்டார். 1697இல் அங்கு வைசூரி பரவியது. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் தலைநகரை விட்டகன்றான். உற்றாரே நோயாளரைக் காட்டில் கைவிட்டனர். அம்மைத் தடுப்பு முறையை ஜென்னர் கண்டறிந்ததோ 1796இல்தான். அன்று மருந்தென்று எதுவுமில்லை. அடிகளாரும் அவருடைய மருமகனான யோசேப் கர்வாலோ அடிகளாரும் கைவிடப்பட்டோரைத் தேடிச்சென்றனர். வீடுகளை நோயாளர் விடுதிகளாக்கி, புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கஞ்செய்தனர். சமயம் எதுவென்று அவர்கள் பார்க்கவில்லை. முன்பு தாம் பெற்ற கஞ்சியை அடிகளார் ஒரு நகருக்கே திருப்பிக் கொடுத்தார் எனலாம்.

1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் அவர் இறைவனடி சேர்ந்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். வைசூரியோ உலகினின்று ஒழிந்துவிட்டதென 1980இல் அறிவிக்கப்பட்டது.

அன்பர்களே, கைவைத்தியம் நல்லதே. ஆயினும் மலத்தில் இரத்தம் கண்டால், காய்ச்சல் நீடித்தால், தாமதியாது வைத்தியரை நாடுங்கள். அதுவரை நோயாளியைத் தனியே விடாதீர்கள். கஞ்சி எந்த வீட்டிலும் உண்டு. அதை அஞ்சாது கொண்டுபோய்க் கொடுக்கும் கையே அரிது.