மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் படித்தவர்

கோயமுத்தூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். அந்த ஊர்ப் பாதையில் ஒரு நாள் படபடவென்று சத்தம் கேட்டது. வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை. வண்டி தானாக ஓடியது!

அதைப் பார்த்த வாலிபர் ஒருவருக்கு அன்று முதல் வேறு நினைப்பே இல்லை. இது எப்படி ஓடுகிறது? இதை நாம் வாங்க முடியுமா?

அந்த வாலிபர்தான் ஜி.டி.நாயுடு. கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப் பெயர். 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி கலங்கலில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. வாத்தியார் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடினார் என்று கூடச் சொல்வார்கள். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது.

அவரைப் பற்றி இப்படி எத்தனையோ கதைகள் உண்டு. எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் கதை உண்மை.

ஓட்டலில் வேலை

அந்த வண்டி 1912-ம் ஆண்டு மாடல் ரட்ஜ். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் செய்தது. கிராமத்து வாலிபர் வாங்கக்கூடிய விலையா அது? நாயுடு ஊரை விட்டுக் கிளம்பினார். கோயமுத்தூருக்குப் போனார். கிடைத்த வேலையைச் செய்தார். ஓட்டலில் சாப்பாடு பரிமாறினார். காசு காசாகச் சேர்த்தார். கடைசியில் மோட்டார் சைக்கிளை வாங்கியும் விட்டார்.

வாங்கியவர் என்ன செய்தார்? ஊரைச் சுற்றி வந்து பெருமை அடித்தாரா? இல்லை. வண்டியைப் பாகம் பாகமாகக் கழற்றினார்!

சொல்லித்தர ஆள் கிடையாது. கழற்றியதைத் திரும்பச் சேர்க்க முடியாவிட்டால் ஓட்டலில் பாடுபட்ட பணம் அத்தனையும் பழைய இரும்பு. ஆனாலும் கழற்றினார். எந்தச் சாமான் எதற்கு என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அப்படித்தான் அவர் மெக்கானிக் ஆனார்.

உள்ளே என்ன இருந்தது?

அவர் திறந்து பார்த்தது ஒற்றைச் சிலிண்டர் என்ஜின். ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ 1876-ம் ஆண்டில் ஓட்டிக் காட்டிய அதே முறை. பிஸ்டன் கீழே இறங்கும்போது பெட்ரோல் ஆவியும் காற்றும் உள்ளே வரும். மேலே ஏறும்போது அது நெருக்கப்படும். அந்த நேரத்தில் பிளக்கில் ஒரு பொறி பறக்கும். கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். மறுபடி மேலே வரும்போது புகை வெளியே போகும். இவ்வளவுதான்! பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை மாக்னெட்டோ என்ற காந்தக் கருவியே உண்டாக்கியது. பாட்டரி தேவைப்படவில்லை.

நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. புதுவை மாநிலம் பாகூர் பக்கத்தில் கரையாம்புத்தூரில் ஒரு விவசாயி நெல் வயலுக்கு மருந்தடிக்க முதுகில் பெட்ரோல் ஸ்பிரேயரை மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்ன என்ஜினும் ரட்ஜ் என்ஜினுக்குச் சொந்தக்காரன்தான். அதற்கும் பெட்ரோல் வேண்டும், காற்று வேண்டும், பொறி வேண்டும், நெருக்கம் வேண்டும். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்தும் என்ஜின் கிளம்பவில்லையா? இந்த நான்கில் ஏதோ ஒன்று இல்லை என்று அர்த்தம்.

முதலில் பெட்ரோல். டாங்கியில் இருந்தால் மட்டும் போதாது, கார்புரேட்டருக்கு வந்து சேர வேண்டும். டாங்கி மூடியில் ஊசித் துவாரம் ஒன்று இருக்கும். அதில் மண் அடைத்தால் காற்று உள்ளே போகாது, பெட்ரோலும் இறங்காது. போன பருவத்துப் பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாக உறைந்து துவாரத்தை அடைத்திருக்கவும் கூடும். அதைக் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. துவாரம் பெரிதாகிவிடும். கழுவிக் காற்றடித்து ஊத வேண்டும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும். ஆகவே வேலை முடிந்து மாதக்கணக்கில் எடுத்து வைக்கும் என்ஜினில் பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள்.

பெட்ரோல் சரி என்றால், காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். அது டாக்டருக்கு நாக்கைப் போல! நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் வரவில்லை என்று சந்தேகிக்கலாம். உலர்ந்த கரியாக இருந்தால் காற்று குறைவு, பெட்ரோல் அதிகம். வெளுத்துப் போயிருந்தால் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. துடைத்து, வயரில் மாட்டி, பிளக்கின் இரும்பை என்ஜின் உடம்பில் தொட வைத்துக் கயிற்றை இழுத்தால் நீலப் பொறி தெரியும். சிந்திய பெட்ரோலை முதலில் துடைத்துவிட வேண்டும். பிளக் இருந்த துவாரத்துக்குத் தூரமாகப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தீ பிடிக்கும்.

பொறியும் இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது, அப்படியும் கிளம்பவில்லை. கயிற்றை மெதுவாக இழுத்தால் கை எதிர்ப்பை உணர வேண்டும். லொடலொடவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அதற்கு மேல் மெக்கானிக் வேலை. இன்னொன்று: முதுகில் மாட்டும் என்ஜின்களில் பலவற்றுக்குப் பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். எவ்வளவு என்று கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும். வெறும் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் இறுகிப் பிடித்து, என்ஜினே போய்விடும்.

ஒரு பஸ்ஸில் ஆரம்பம்

நாயுடுவிடம் திரும்புவோம். 1920-ல் அவர் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. நடு வழியில் பஸ் நின்றால் பிரயாணிகள் யாரைப் பார்ப்பார்கள்? ரட்ஜ் வண்டியில் கற்றது அங்கே சோறு போட்டது. அந்த ஒரு பஸ் யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. யு.எம்.எஸ். பஸ்கள் நேரம் தவறாமல் ஓடுவதற்குப் பெயர் பெற்றன. பழுது வந்த பிறகு பார்க்கிறவனால் பஸ்ஸை நேரத்துக்கு ஓட்ட முடியாது அல்லவா?

பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. பாட்டரியில் ஓடும் சவர ரேசர், மண்ணெண்ணெயில் சுற்றும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி என்று ஏதேதோ செய்தார். 1937-ல் பீளமேட்டில் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்சார மோட்டார் தயாரித்தார். இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் அது என்பார்கள்.

1945-ல் கோயமுத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி வர அவரே காரணம். அதற்கு முதல்வராகவும் இருந்தார். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர் கல்லூரி முதல்வர்! நான்கு ஆண்டுப் படிப்பு வீண், இரண்டே ஆண்டு போதும் என்பது அவர் கட்சி. சர்க்கார் ஒப்பவில்லை. விலகிவிட்டார். அவர் கணக்கு அவசரக் கணக்கு என்று படித்தவர்கள் சொல்லலாம். ஆனால் மாணவன் கையில் கரி படிய வேண்டும் என்று அவர் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது.

ஓடாத கார்

1952-ல் அவர் இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். சாதாரணக் குடும்பமும் கார் வாங்கலாம் என்பது கனவு. அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் எதைச் செய்வதற்கும் சர்க்கார் லைசென்ஸ் வேண்டும். அது கிடைக்கவில்லை. தயாரிப்பு நின்றது. நாயுடுவின் கையால் திருத்த முடியாத பழுது அது ஒன்றுதான்.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி அவர் காலமானார். கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் 10 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டிய மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி.நாயுடு பெயரை வைத்திருக்கிறார்கள்.