தாதியரை ஆக்கிய தாய்

சாயர்புரத்துக்குச் சென்ற திங்கள் போயிருந்தோம். தூத்துக்குடித் துறைமுகத்திலே மூட்டை சுமக்கும் தோழர் ஒருவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தமிழ்ப் பெயர் சூட்ட வரவேண்டும் என்று அழைத்தார். பெயர் தேடிக்கொண்டே போன நாம், பாடம் கேட்டுத் திரும்பினோம்.

மருத்துவமனைக் கட்டிலருகே வீட்டு ஆச்சி, சங்கிலே சர்க்கரைத் தண்ணீரோடு நின்றார். பிள்ளைக்குச் சேனை தொட்டு வைக்க வேண்டுமாம்! செவிலியர் பெண் ஒருத்தி, இருபத்தைந்து வயதிருக்கும், ஆச்சியின் கையைப் பிடித்து அருகில் உட்கார வைத்தாள். மஞ்சளாய்ச் சுரக்கும் சீம்பாலே பிள்ளைக்கு முதல் உணவு, அதுவே முதல் காப்பு; பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதைப் புகட்ட வேண்டும்; ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் தேவையில்லை என்று பொறுமையாக விளக்கினாள்.

அதோடு விட்டாளா? இது பெண்கள் சமாச்சாரம் என்று வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்ற நம் தோழரையும் உள்ளே அழைத்தாள். சோப்புப் போட்டுக் கை கழுவச் செய்தாள். பிள்ளையை மார்போடு அணைத்துச் சூடு காக்கக் கற்றுக் கொடுத்தாள். தொப்புளிலே சாம்பலோ எண்ணெயோ தடவக்கூடாது. பால் குடிக்க மறுத்தாலோ, உடல் சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்றாள். மூட்டை சுமந்து காய்ப்பேறிய கைகள், அந்தச் சின்னஞ்சிறு உயிரை ஏந்த நடுங்கின.

நமக்கு நம் பாட்டியின் நினைவு வந்தது. பனங்காட்டுக் குடிசையிலே அவர் பெற்றது ஒன்பது. தங்கியது நான்கு. ஒரு பிள்ளை ஏழாம் நாள் வாய் திறக்க மாட்டாமல், உடல் விறைத்து, வில்லாக வளைந்து இறந்ததாம். பேயடித்துவிட்டது என்றார்கள். பேயா அடித்தது? அழுக்குக் கத்தியும், தொப்புளில் வைத்த சாம்பலும் கொண்டுவந்த ரண ஜன்னி! டெட்டனஸ் என்னும் கிருமி நோய்! தடுக்கக்கூடிய சாவைத் தலைவிதி என்று சொல்லி, பாட்டி சாகும் வரை அழுதார்.

சாயர்புரம் என்றதும், 1842-இலே அங்கு வந்து கல்விக்கூடம் நிறுவி, பின்னாளில் குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த போப் நினைவுக்கு வருவார். ஆனால் அன்று அந்தச் செவிலியைப் பார்த்தபோது நம் எண்ணம் வடக்கே வேலூருக்குப் பறந்தது. பிள்ளைப்பேற்று அறைக்கு அறிவைக் கொண்டுவரப் பெண்களைப் பழக்கிய இன்னொரு வெளிநாட்டாரை எண்ணினோம். அவர்தான் அய்டா ஸ்கடர் அம்மையார்.

அமெரிக்கக் குடும்பம். பிறந்ததோ 1870 டிசம்பர் 9-ஆம் நாள், நம் இராணிப்பேட்டையிலே. பாட்டனாரும் மருத்துவர், தந்தையாரும் மருத்துவர். மதம் பரப்ப வந்த குடும்பம்தானே என்பார் சிலர். ஆம், அதை அவர்கள் மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அய்டா, குடும்பத் தொழிலை விரும்பாத பெண். அமெரிக்காவிலே படித்து, அங்கேயே வாழ எண்ணியவர். நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள மட்டுமே திண்டிவனம் வந்திருந்தார்.

ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. பார்ப்பனர் ஒருவர். இளம் மனைவி பிள்ளை பெற முடியாமல் துடிக்கிறாள், வந்து காப்பாற்ற வேண்டும் என்றார். நான் மருத்துவம் படித்தவளல்ல, தந்தையை அழைத்துப் போங்கள் என்றார் அய்டா. அந்நிய ஆடவன் என் மனைவியைத் தொடுவதா என்று அவர் திரும்பிவிட்டார். அடுத்து முஸ்லிம் ஒருவர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக முதலியார் ஒருவர். அவரும் அப்படியே. மதத்தால் வேறுபட்டவர்கள், சாதியால் வேறுபட்டவர்கள், மறுப்பதிலே மட்டும் ஒன்றுபட்டார்கள்! பொழுது விடிந்தது, பறையொலி கேட்டது. மூன்று பெண்களும் மாண்டு போனார்கள்.

அவர்களைக் கொன்றது யார்? கணவன்மார் கொடியவர்களா? அல்லவே! நள்ளிரவிலே ஓடிவந்தவர்கள் மனைவிமீது அன்பில்லாதவர்களா? அன்பு இருந்தது, அறிவுக்குத்தான் வழி அடைபட்டிருந்தது. அடைத்து நின்றது வழக்கம்.

அந்தக் காலை, அய்டாவின் வாழ்வை மாற்றிற்று. அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899-இலே கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இலே திரும்பினார். அதே ஆண்டு தந்தையார் மறைந்தார். தனித்து நின்றார் அம்மையார். 1902-இலே 40 படுக்கைகள் கொண்ட பெண்கள் மருத்துவமனை வேலூரிலே திறக்கப்பட்டது. குடியாத்தம் சாலையிலே மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, ஏழைகளைத் தேடிச் சென்று மருந்து தந்தார்.

ஆனால் ஒரு மருத்துவர் எத்தனை கதவுக்குப் போக முடியும்? மருத்துவர் பிள்ளையைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். அதன் பிறகு இரவும் பகலும் தாயருகே இருந்து, பால் புகட்டவும், புண்ணாற்றவும், வீட்டாருக்குச் சொல்லித் தரவும் யார் இருக்கிறார்கள்? அதற்குத் தாதியர் வேண்டும். அதுவும் தாயின் மொழி பேசும் தாதியர் வேண்டும். இதை உணர்ந்த அம்மையார் 1909-இலே செவிலியர் பள்ளி தொடங்கினார்.

எளிய செயலா அது? பிள்ளை பெற்ற வீட்டைத் தீட்டு என்று ஒதுக்கிய நாடு! பேறு பார்க்க வந்த மருத்துவச்சியைத் தாழ்ந்த சாதி என்று புறக்கடை வழியே அனுப்பிய நாடு! உயிரைக் கையில் ஏந்தியவளுக்கு ஒரு படி நெல்லைக் கொடுத்தார்களே தவிர, எழுத்தைக் கொடுத்தார்களா? கத்தியைக் கொதிநீரில் போட வேண்டும் என்று அவளுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? கற்பிக்காதவன் குற்றத்தைக் கல்லாதவள் தலையிலே சுமத்தினார்கள். அந்தத் தொழிலுக்குப் படிப்பும் பயிற்சியும் மதிப்பும் தந்தது வேலூர்ப் பள்ளி.

1918-இலே பெண்களுக்கென மருத்துவப் பள்ளி கண்டார். பெண்களால் படித்துத் தேற முடியுமா என்று அய்யுற்றனர் ஆட்சியாளர். முதல் அணியில் தேர்வெழுதிய பதினான்கு பெண்களும் தேறினார்கள்! 1946-இலே செவிலியர் படிப்பு பட்டப்படிப்பாயிற்று. இந்தியாவிலேயே முதன்முதலாக அத்தகைய பட்டம் தரத் தொடங்கிய இடங்களிலே வேலூரும் ஒன்று. திருமணம் செய்துகொள்ளாமலே ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்குத் தாயாக வாழ்ந்த அம்மையார், 1960 மே திங்களில், 89-ஆம் வயதிலே, கொடைக்கானலில் கண்மூடினார்.

அவர் ஏற்றிய விளக்கு மட்டுமே நாட்டுக்கு ஒளி தந்தது என்று நாம் கூறமாட்டோம். அரசு மருத்துவமனைகளும், ஊர்தோறும் நடக்கும் செவிலியரும், பள்ளிக்குப் போன பெண்களும் சேர்ந்து செய்த புரட்சி இது. 2015-இலே தாயையும் சேயையும் கொல்லும் டெட்டனஸ் இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஆயிரம் பிள்ளைகள் பிறந்தால் ஓராண்டுக்குள் இறப்பவை இந்திய அளவில் 28, தமிழ்நாட்டிலே 13. குறைவுதான், மகிழ்கிறோம். ஆனால் அந்தப் பதின்மூன்றும் யாரோ ஒரு தாயின் மடி வெறுமையல்லவா?

தோழர்களே! திண்டிவனத்து வாசலில் நின்ற மூவரையும் மறவாதீர். கூட்டத்திலே பெண் விடுதலை பேசுகிறோம்; பேறுகால அறையின் வாசலிலே, நமக்கென்ன தெரியும் என்று ஒதுங்கி நிற்கிறோம். இனி நிற்கலாகாது. உள்ளே செல்லுங்கள். செவிலி சொல்வதைக் கேளுங்கள். கேட்டதை வீட்டுப் பெரியவர்களுக்கு அன்போடு சொல்லுங்கள்.

அந்தக் குழந்தைக்கு அறிவுச்செல்வி என்று பெயரிட்டோம். ஆச்சி சங்கைக் கழுவிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். தோழர் மட்டும் பிள்ளையை மார்பிலிருந்து இறக்கவே இல்லை.